மூடி திறக்காததை ஞா நிமியா விற்கமாட்டார்

வரிசையாகக் கடைகள் இருக்கும் எங்கள் காலரியில், புகையிழுக்கும் வேப் விற்காத இடம் ஒன்று உண்டென்றால் அது கழிவறை வாசலில் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி மட்டும்தான். செருப்புக் கடைக்காரர், சென்ட் கடைக்காரர், பொம்மைக் கடைக்காரர் என்று எல்லோருமே கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கி, மிட்டாய் நிறத்தில் அந்தக் குட்டிக் கருவிகளை அடுக்கியிருந்தார்கள். எல்லைப் பாலத்துக்கு அந்தப்பக்கத்து நாட்டிலிருந்து வருகிறவர்கள் பை பையாக அள்ளிப்போவார்கள். எல்லாம் மூடிய சாமான்கள். பேட்டரி உள்ளேயே பதிந்திருக்கும். அது செத்தால் கருவியும் செத்தது. குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டியதுதான்.

ஞா நிமியா மட்டும் அவற்றைத் தொடமாட்டார். வயதில் மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் நாங்கள் சேர்க்கிற 'ஞா'வை, அவரைவிட மூத்தவர்களும் அவருக்குச் சேர்த்தார்கள். அவர் விற்பதெல்லாம் மூடியைத் திருகித் திறந்து, விரல் நீளத்துக்கு இருக்கும் பேட்டரி செல்லை வெளியே எடுத்து மாற்றுகிற கருவிகள்தான். தடியாக இருக்கும், கனமாக இருக்கும், பார்க்க அழகாக இருக்காது. வருஷக்கணக்கில் உழைக்கும்.

நான் அவருக்கு எதிர்க்கடையில் கைப்பேசி பழுதுபார்க்கிறேன். காகுவாசு ஊர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கடைப் பலகையில் என் பெயருக்கு முன்னால் இஞ்சினியர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். அது ஜம்பம் என்று நினைப்பவர், என் அப்பாவின் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஞா நிமியா சான் பெத்ரோவிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது தெருவோரத்தில் மேசை போட்டு டார்ச் செல்லும் ரிமோட்டும் விற்றவர். வெயில், புயல், மேசையை நகர்த்தச் சொல்லும் நகராட்சி ஆட்கள், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. தலைக்கு மேல் கூரையோடு காலரிக்குள் ஒரு கவுண்டர் கிடைத்தபோது அவருக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கவுண்டர்தான் அவர் வாழ்நாளில் சேர்த்த ஒரே சொத்து. அதுவும் வாடகை இடம்தான்; காலரி, நாங்கள் மரியாதைக்கு 'டொன்' சேர்த்து அழைக்கும் டொன் அர்னால்டோவுடையது. மூடிய கருவிகளைப் பெட்டி பெட்டியாக இறக்கி எல்லோருக்கும் கொடுப்பவரும் அவரே.

வாயில் சுருட்டைப் பல்லால் கடித்தபடி வேலை செய்வார் ஞா நிமியா. வேப் புகையைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. இரண்டு செல் போடும் கருவிகளுக்கு, சேர்ந்து விற்ற செல்கள் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதற்காக இரண்டிலும் ஒரே நிற நகப்பூச்சால் பொட்டு வைத்துவிடுவார். பொட்டு மாறி வந்தால் திட்டு விழும்.

"ஒண்ணு மட்டும் குடுங்க ஞா நிமியா, ஒண்ணுதான் போச்சு."

"ஒண்ணு போனா ரெண்டும் போச்சு. புதுசுகூட பழசப் போட்டா, பழசு தாக்குப்பிடிக்காம சூடேறும். எங்கிட்ட ஜோடியாத்தான்."

"எம் பொண்டாட்டியே என்னை விட்டுப் போயிட்டா. பேட்டரிக்கென்ன ஜோடி?"

"அதான் பேட்டரியாவது ஒழுங்காக் குடும்பம் நடத்தட்டும்."

டிசம்பர் எங்களுக்குக் கோடை. அந்த வெயிலில்தான் விபத்து நடந்தது. வில்ஃபிரிடோ என்று ஒரு மோட்டார்சைக்கிள் டாக்ஸிக்காரர், ஞா நிமியாவின் பழைய வாடிக்கை. தன் ஒற்றைச் செல் கருவிக்குக் கூடுதலாக ஒரு செல் வாங்கிக்கொண்டு போனவர், அதைத் தெரேரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானம் குடிக்கிற உலோகக் கோப்பைக்குள் போட்டுவிட்டார். உறிஞ்சுகிற உலோகக்குழலும் அதற்குள்தான் இருந்தது. கோப்பையைத் தோல் உறை போட்ட தெர்மோஸின் பக்கப் பையில் செருகி, தெர்மோஸைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார். நம்மூரில் எல்லோரும் அப்படித்தானே ஓட்டுகிறோம். பள்ளத்துக்குப் பள்ளம் குழல் உரசி, செல்லின் மேலுறையைக் கிழித்துவிட்டது. அப்புறம் குழலும் கோப்பையும் செல்லும் ஒன்றையொன்று தொட்டன. நெருப்பு சீறியதும் வண்டியிலிருந்து குதித்துவிட்டார். உயிர் பிழைத்தது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிற்று.

டொன் அர்னால்டோவுக்கு அது போதும். மதியம் கடைகளின் ஷட்டர் இறங்கியதும் எல்லோரையும் நடைபாதையில் கூட்டினார். கால் தாங்கி நடந்துவந்த வில்ஃபிரிடோவுக்கு நாற்காலி போடச்சொன்னார்.

"பேட்டரிய ஆளு கையில குடுத்தா, அதைக் கோப்பையில போடுவான், குழந்தை கையிலகூடக் குடுப்பான். உள்ள வச்சு மூடிட்டா முட்டாளுக்கும் பாதுகாப்பு. இனி இந்தக் காலரியில தனி செல் கிடையாது, மூடி திறக்கிற கருவியும் கிடையாது. இஞ்சினியர், நீங்க சொல்லுங்க."

நான் எழுந்தேன். "மூடினதுல இந்த மாதிரி நடக்காது, அது நெஜம். ஆனா அதையும் நசுக்கினா எரியும். குப்பையில கெடக்கிறதப் பிரிச்சுப் பாத்திருக்கேன். மறுபடி சார்ஜ் ஏத்தக்கூடிய நல்ல பேட்டரி, ஒரு தடவையோட தூக்கிப்போட்டிருக்காங்க."

"ஆமாவா இல்லையான்னு கேட்டா அதைச் சொல்லுங்க."

"படிச்சவன்கிட்ட கேட்டா படிச்ச பதில்தான் வரும், டொன்."

பொம்மைக் கடைப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். டொன் அர்னால்டோ வில்ஃபிரிடோ பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. செல்ல வெறுமனதான குடுத்தாங்க?"

"இல்லீங்க. பிளாஸ்டிக் பொட்டியில போட்டுத்தான் குடுத்தாங்க. நான்தான் பொட்டியத் தூக்கி எறிஞ்சேன். தப்பு என்னுது."

கூட்டத்தில் ஒரு தளர்வு வந்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஞா நிமியா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏம்ப்பா பொய் சொல்ற?"

"ஞா நிமியா, பேசாம இருங்க" என்று கெஞ்சினார் வில்ஃபிரிடோ.

"பொட்டி தீந்துபோச்சு அன்னிக்கு. நாளைக்கு வாங்கிக்கன்னு சொல்லி வெறுமனதான் குடுத்தேன். சுட்டது உன் தொடை, ஆனா தப்பு என்னுது. அதை நீ எடுத்துக்காத."

வில்ஃபிரிடோ தலையில் கைவைத்துக்கொண்டார். டொன் அர்னால்டோவின் முகம் மலர்ந்தது.

"அப்ப ஒத்துக்கறீங்க."

"தப்ப ஒத்துக்கறேன். இனிமே பொட்டி இல்லாம என் கையிலருந்து ஒரு செல் வெளிய போகாது. ஆனா மூடி திறக்காததை விக்கணும்னா, அது நடக்காது."

"அப்படின்னா இங்க இடம் இல்ல."

"இடம் உங்களுது. சாமான் என்னுது."

டொன் அர்னால்டோ, தன் முடிவுக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். எல்லோருடைய தட்டிலும் இருப்பது அவர் இறக்கிக் கொடுத்த சரக்குதானே. தரையைப் பார்த்தபடியே ஒவ்வொரு கையாக மேலே போனது. நான் கைகட்டிக்கொண்டு நின்றேன். ஞா நிமியா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கவுண்டரைத் துடைத்து, சாவியை அதன்மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டே நாளில் காலரிக்கு நேர் எதிரே, தெருவோரத்தில், மேசை போட்டார். மேலே நீலத் தார்ப்பாய். பக்கத்தில் தெரேரேக்கு மூலிகை இடிக்கிற பெண்ணின் உலக்கைச் சத்தம். மேசை நிறைய பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் செல். வில்ஃபிரிடோ வண்டியை அந்த மேசை ஓரத்திலேயே நிறுத்தத் தொடங்கினார். ஏறி உட்காருகிற ஆள் வேப் வைத்திருந்தால் முதலில் மேசையைக் காட்டினார்.

வாடிக்கையாளர்கள் தெரு தாண்டி அங்கே போவதைப் பார்த்து டொன் அர்னால்டோ ஒரு காலை இறங்கி வந்தார். குரல் தணிந்திருந்தது.

"நிமியா, திரும்ப வந்துடு. உன் சாமானையே வித்துக்க. மூடினது ஒரே ஒரு தட்டு வை போதும். பின்னாடி வச்சாக்கூடப் போதும்."

"வச்சா ஒருத்தன் வாங்குவான். பேட்டரி செத்ததும் எங்கிட்டதான் வந்து நிப்பான், மாத்திக் குடுங்கம்பான். முடியாதுன்னு சொல்லணும். அது நான் விக்கிற சாமானுக்கு நானே சொல்ற வார்த்தை இல்ல."

"மழை வந்தா என்ன பண்ணுவ?"

"நனைவேன்."

அதற்குமேல் அவரிடம் பேச்சு கொடுக்க ஞா நிமியாவுக்கு நேரமில்லை. டொன் அர்னால்டோவுக்குப் பின்னால் ஒருவர் கனமான ஒரு பழைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தள்ளி நில்லுங்க டொன், ஆள் காத்திருக்காரு. நீங்க வாங்க ஐயா, என்ன ஆச்சு?"