எமிலின் ஜீப்புக்கு அடியில்

வங்காலையில் கடலைக் கண்டதும் வயிற்றைப் பிரட்டுகிற ஆம்பிளை ஒருவர்தான். பெயர் எமில். தகப்பனும் தமையன்மாரும் வள்ளம் ஏற, இவர் கரையில் நின்று கை காட்டியே வளர்ந்தார். ஆடாத தரையில் ஒரு வேலை வேண்டுமென்று பிறகு சாரதியானார். மன்னார் றோட்டுகளில் ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தரை எவ்வளவு ஆடும் என்று தெரியும்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடம் வெள்ளை ஜீப் ஓட்டினார். வெள்ளைக்காரர் வந்தார்கள், கூட்டம் வைத்தார்கள், தண்ணீர்த் தாங்கி கட்டினார்கள், தாங்கியை விடப் பெரிய பெயர்ப்பலகை நட்டார்கள், போய்விட்டார்கள். கந்தோரை மூடியபோது கதிரை, அலுமாரி எல்லாம் ஏலத்தில் போயின. ஜீப்பை எமில் எடுத்தார். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. மனைவி அன்ரோனெற்றின் போராட்டம் அப்படித் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

அந்த ஜீப்புக்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. எட்டு மணப்பெண்கள் அழுதிருக்கிறார்கள். எப்போதோ ஏற்றிய கருவாட்டு மூட்டையின் மணம் இன்னும் இறங்கவில்லை.

"ஜீப்பையே கட்டியிருக்கலாமே, என்னை ஏன் கட்டினியள்?" என்று அன்ரோனெற் கேட்பார். எமில் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்திருப்பார். அதுதான் இன்னும் கோபம்.

போன வருட வெள்ளத்துக்குப் பிறகு ஜீப் பின்பக்கம் எண்ணெய் சிந்தத் தொடங்கியது. பின்சில்லுகள் இரண்டையும் இணைக்கிற அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். எஞ்சினின் பலத்தைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும். டிபரன்ஷல் என்று பெயர். கராஜில் 'டிப்' என்றால் போதும். அந்த டிப் அழுதது. எண்ணெயை மறிக்கிற 'சீல்' என்ற றப்பர் வளையத்தை எமில் மாற்றினார். மறுபடியும் அழுதது. இன்னொரு முறை மாற்றினார். முன்னையிலும் நன்றாக அழுதது. அதுவும் ஜீப் நிற்கிற வீட்டு முகப்பில், அன்ரோனெற் ஆசைப்பட்டுப் பதித்த புது மாபிளில்.

"இன்னும் ஒரு சொட்டு விழட்டும், முஹைதீனுக்குப் போன் அடிச்சுச் சொல்லுறன்," என்றார் அன்ரோனெற்.

விழுந்தது. சொன்னார். மன்னார் ரவுணில் பழைய வாகனம் வாங்கி விற்கிற முஹைதீன், ஞாயிறு நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். எமில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நிபந்தனை வாங்கினார்: முஹைதீன் வரும்போது தரை காய்ந்திருந்தால் ஜீப் நிற்கும். ஒரு சொட்டுக் கண்டாலும் போகும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், பழைய எண்ணெயை வடித்துப் புதிது விட்டுப் பார்க்க எமில் சாரத்தை மடித்துக் கட்டினார். எண்ணெய் இளகட்டும் என்று சந்திவரை ஓட்டிவந்து, ஜீப்பை மட்டமாக நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, எண்ணெய் பிடிக்க ஒரு ஏனத்தோடு அடியில் புகுந்தார்.

டிப்புக்கு இரண்டு அடைப்புகள். மேலே இருப்பது எண்ணெய் விட, கீழே இருப்பது வடிக்க. மேலதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் வடித்த பிறகு மேலது கழலாவிட்டால் புது எண்ணெயை எதற்குள் ஊற்றுவது? இந்தப் பாடத்தை எமில் எத்தனையோ சாரதிகளுக்கு ஞானோபதேசம் மாதிரிப் படிப்பித்திருக்கிறார்.

எமில் கீழதை முதலில் கழற்றினார்.

ஸ்பானர் சாவியை மேலடைப்பில் வைக்கிற நேரம் பார்த்து அன்ரோனெற் எட்டிப் பார்த்ததுதான் காரணம்.

"இஞ்சேருங்கோ, உது என்ர மீன் கழுவுற பேசினெல்லோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அதில என்ர பேர் கிடக்கு?"

பேசின் பறிபோகப் போகிறது என்று எமிலுக்கு விளங்கியது. எண்ணெய் விழுந்த பேசினை எந்தப் பெண்ணும் திருப்பிக் கேட்கமாட்டாள் என்பதும் விளங்கியது. சடாரென்று கீழடைப்பைத் திருகினார். எண்ணெய் விழுந்தது. பேசின் காப்பாற்றப்பட்டது.

தேன்போல் வரவேண்டிய எண்ணெய் பால்தேத்தண்ணியாய் வந்தது. வெள்ளம் உள்ளே போயிருக்கிறது. எல்லாம் வடிந்தபின் மேலடைப்பில் சாவியைப் போட்டு முறுக்கினார். அசையவில்லை. உப்புக்காற்று அதையும் டிப்பையும், குருவானவர் முன்னால் சேர்த்து வைத்ததுபோல், ஒன்றாக்கியிருந்தது. நேரம் இரண்டு மணி. இப்போது ஜீப் ஒழுகவும் மாட்டாது, ஓடவும் மாட்டாது. ஓடாத ஜீப்பை அன்ரோனெற் வைத்திருக்க விடமாட்டார், முஹைதீன் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

"என்ன, சத்தத்தைக் காணேல்ல?" உள்ளிருந்து குரல் வந்தது.

"வேலை நடக்குது."

"வேலை நடந்தா நீங்கள் பாட்டுப் படிப்பியள்."

எமில் மேலடைப்பில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஊறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. மல்லாக்கக் கிடந்து மேலே பார்த்தார். அப்போதுதான் அச்சின் மேற்பக்கத்தில் அந்தப் பொட்டலத்தைக் கண்டார். சேற்றில் தோய்ந்த பொலித்தீன், நைலோன் நூலால் இறுக்கிக் கட்டியது.

கட்டியிருந்த இடம்தான் வயிற்றெரிச்சல். சட்டைப் பொத்தான் அளவு மொட்டு ஒன்றை அது மூடியிருந்தது; டிப் மூச்சுவிடுவது அந்த மொட்டு வழியாகத்தான். ஓட ஓட உள்ளே சூடேறிக் காற்று விரியும், அந்த மொட்டால் வெளியே போகும். மொட்டைப் பொத்தினால் சீலைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெயோடு வரும். குளிர்ந்தால் அதே வழியால் வெள்ளத்தையும் உறிஞ்சும். அநியாயமாக இரண்டு சீல்களைக் குற்றம் சொல்லியாயிற்று.

என்ர ஜீப்பின் மூக்கைப் பொத்தினவன் எவனடா என்று வாய் திறந்தவர், முடிச்சைப் பார்த்து மூடிக்கொண்டார். இரண்டு சுற்று, ஒரு கொழுவல், வால் உள்ளே. பேசாலையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் போடுகிற முடிச்சு. அந்த வீட்டில் பேசாலையில் பிறந்தவர் ஒருவர்தான் இருக்கிறார்.

கத்தியால் வெட்டி விரித்தார். ஒரு பிடி மண். மடு மண். பாம்புக்கும் ஆபத்துக்கும் காவல் என்று வேதக்கார வீடுகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற மாதா கோயில் மண்.

வெள்ளத்தில் விடத்தல்தீவுப் பக்கம் அகப்பட்ட சனத்தை ஏற்றிவர எமில் புறப்பட்ட காலையில், அன்ரோனெற் வாசலில் நின்று, "போங்கோ, உந்தத் தகரத்தோடயே போய்ச் சாவுங்கோ!" என்று கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார். அதற்கு முதல் எப்போதோ, முழங்கால் நோவென்று விளக்குமாறு எடுக்கவும் குனியாத அந்த மனுசி, மழைச் சேற்றில் படுத்து ஜீப்புக்கு அடியில் ஊர்ந்திருக்கிறார்.

எமில் அழவில்லை. மண்ணெண்ணெய் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பிறகு சாவியின் பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைக் கொழுவிக் காலால் உதைத்தார். மூன்றாம் உதையில் மேலடைப்பு கிரீச்சிட்டுக் கழன்றது. கீழதைப் பூட்டி, புது எண்ணெயை றப்பர்க் குழாயால் மேல் வாயில் வழியும்வரை விட்டு, மேலதையும் இறுக்கினார். மொட்டைத் துடைத்து ஊதினார். பொட்டலத்தை எறிய மனம் வரவில்லை. ஒரு சாண் தள்ளி, அச்சோடு ஒட்டியிருந்த கம்பியில் தன் கையால் கட்டினார். எமிலுக்குத் தெரிந்த ஒரே முடிச்சு சப்பாத்து முடிச்சு. கட்டி முடித்து, தள்ளாடி என்கிற ஊர் வரை ஜீப்பை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்.

நாலு மணிக்கு முஹைதீன் வந்தார். குந்தியிருந்து ரோர்ச் அடித்தார். மாபிளைத் தடவி விரலை மணந்து பார்த்தார்.

"அண்ணே, காஞ்சு கிடக்கு." கையை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். ஒரே இழுவையில் வந்தது. "இதென்ன, தாயத்தோ? அக்கா, இது வண்டிச் சாமானில்லையே?"

அன்ரோனெற்றின் முகம் சிவந்தது. பொட்டலத்தை வாங்கி நூலைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சுக்குக் கத்தி வேண்டும், இழுத்து வராது. எமிலைப் பார்த்தார். எமில் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"ஆர் இதைக் கட்டினது?"

"நான்தான்."

"உப்பிடியே கட்டுறது? ஒரு முடிச்சுப் போடத் தெரியாது, ஜீப் வச்சிருக்கிறாராம்."

சேலையைச் செருகிக்கொண்டு மாபிளில் குந்தினார், முழங்கால் சடக்கென்றது, அடியில் போனார்.

"எதில கட்டுறது?"

"நான் கட்டின கம்பியில. மேல இருக்கிற மொட்டில வேண்டாம். அதாலதான் அது மூச்சு விடுறது."

ஜீப்புக்கு அடியில் அன்ரோனெற்றின் கை மொட்டைத் தடவிப் பார்த்தது.

"அப்ப, இவ்வளவு நாளும்..."

"சீல் பழசு," என்றார் எமில். "சீல்தான்."

முஹைதீன் எழும்பிக் கையைத் தட்டினார். "அப்ப, குடுக்கிற எண்ணமில்லையோ?"

"தரை காஞ்சு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?" அடியிலிருந்து அன்ரோனெற் சொன்னார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பி. இஞ்சேருங்கோ, நூல் வெட்டக் கத்தியைத் தாங்கோ. நாளைக்கே எனக்குப் புதுப் பேசினும் வேணும்."