நாலு தோள்களின் சொந்தக்காரன்

புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் தோட்டத்தில், மரண சகாயச் சங்கத்தில் வெகுகாலம் சேராமல் இருந்த ஒரே ஆள் ஐயாவு. அதாவது நான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பாடை கட்டவும் தூக்கவும் நிற்க வேண்டும். சங்கத்தின் ஏற்பாடே அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் ரெங்கசாமி என்னைச் சேரச் சொல்லி வந்தபோது, வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த என் நாலு பையன்களையும் காட்டினேன்.

"எனக்கு எதுக்குண்ணே சங்கம்? நாலு தோளை நானே பெத்து வச்சிருக்கேன்."

அவருக்குப் பிள்ளை இல்லை. திரும்பிப் போய்விட்டார். நானோ அந்த வசனத்தைக் கள்ளுக்கடை வரை கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தேன். வாய்க்கொழுப்புக்கு வரி போட்டிருந்தால் என் சம்பளம் மொத்தமும் அதற்கே போயிருக்கும்.

பிறகு தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை போட்டார்கள். பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. மூத்தவன் சேதுவுக்கு நான்தான் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அதிலேயே ஏறி ராவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனான். பின்சீட்டில் இரண்டாமவன். மூன்றாமவன் கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். கடைசியானவன் சிங்கப்பூரில் எதையோ ஒட்டுகிறானாம். எதை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இப்படியே கிளம்ப, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. மிஞ்சியது என்னைப் போன்ற கிழங்களும் பெண்களும்தான். சங்கத் தலைவர் பதவிகூட, ஏற்க ஆண் இல்லாமல், களையெடுப்பு, உரம் போடுவது என்று வெளிக்காட்டு வேலை செய்யும் சின்னத்தாயிடம் வந்து சேர்ந்தது. அதற்கும் சிரித்தேன்.

எண்பத்தாறாம் வருஷம் ரெங்கசாமி இறந்தார். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வந்த லோரி மழைச் சேற்றில் லயம் வரை வரவில்லை. செம்மண் சாலையிலேயே நின்றுவிட்டது. அதுவரை பாடையைத் தூக்கிப் போக வேண்டும். தோள் கொடுக்க இருந்த ஆண்கள் நானும் செல்லையாவும்தான். செல்லையாவுக்கு இடுப்புப் பிடிப்பு. ரெங்கசாமியின் மனைவி வள்ளியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சின்னத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். "இராஜம்மா, லெட்சுமி, வாங்க. ரப்பர் பால் வாளி தூக்குன தோள்தானே."

"பொம்பளைங்க பாடையத் தொடக்கூடாது," என்று செல்லையா முனகினார்.

"அப்ப ஆம்பளையக் கொண்டாங்க லா."

அவர் இடுப்பைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். மூன்று பெண்களோடு நாலாவது தோள் நான். ஆம்பளை ஆயிற்றே, முன்பக்கம் பிடித்தேன். பாதி வழியில் தடுக்கிச் சேற்றில் விழுந்ததும் நான்தான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எனக்கு நன்றாகவே ஒட்டியது. அவர்கள் பாடையைச் சாயவிடவில்லை. என் இடத்தில், கூட நடந்து வந்த நவமணி என்ற பெண் தோள் கொடுத்தாள். நான் பின்னால் நடந்தேன்.

நடக்கும்போது பயம் வந்தது. இவருக்குப் பிள்ளை இல்லை, தூக்க ஆள் இருந்தது. எனக்கு நாலு பிள்ளை. தந்தி போய், லீவு கிடைத்து, பஸ் பிடித்து அவர்கள் வருவதற்குள் என் கதி என்ன?

லோரி போனதும் சின்னத்தாயிடம் கேட்டேன். "சங்கத்துல இப்ப ஆள் சேக்கிறீங்களாம்மா?"

"உங்களுக்குத்தான் நாலு தோள் இருக்கே அண்ணே."

"தோள் இருக்கு. லீவுதான் இல்ல."

வள்ளியம்மாவின் துக்கத்துக்கு மரியாதையாக, பெண்கள் முந்தானையால் வாயை மறைத்துச் சிரித்தார்கள். சின்னத்தாய் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"சேத்துக்கிறோம். ஆனா தூக்கப்போறது நாங்க. வயித்தக் கொஞ்சம் கொறைங்க."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என்னைத் தூக்க ஆள் கிடைத்துவிட்டது. அன்று மாலை ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டதும், இரண்டாம் முறை போடாமல் சட்டியை மூடி வைத்தேன்.