புடவை காட்டிக்கொடுத்த தேதி

மக்களே, இன்று வீட்டுக் கணினியை நான் ஜெயித்துவிட்டேன்!

காலையில் கணவர், வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படங்களையெல்லாம் கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றினார். பார்த்தால், அத்தனை படத்திலும் இன்றைய தேதி! பத்து பெரண்டாம் ஊரில் நடந்த கல்யாணம், மெர்லிமாவ் ஊரில் நடந்த காதுகுத்து, எங்கள் புதுமனை விழா எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

“இனிமே பிரிக்க முடியாதுலா,” என்றார்.

“கொஞ்சம் நகருங்க,” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் ஒரே பட்டுப்புடவையை இரண்டு விசேஷத்துக்குக் கட்டமாட்டாள். சித்தி மாம்பழ நிறத்தில் இருந்தால் கல்யாணம். அக்கா ஊதாவில் இருந்தால் காதுகுத்து. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாப் படமும் அதனதன் ஃபோல்டரில்!

“எப்படி கண்டுபிடிச்ச?” அவர் வாயைப் பிளந்தார்.

ஒரே ஒரு பச்சைப் பட்டுதான் இடித்தது. புதுமனை விழாவில் அது என் மேல் இருக்கிறது. அடுத்து வந்த காதுகுத்தில் நாத்தனார் மேல் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி, பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு படத்திலும் முந்தானையில் அதே எண்ணெய்க் கறை. நான் வீடெல்லாம் தேடிய புடவை!

இப்போது சொல்லுங்கள். நாத்தனாரிடம் தனியாகக் கேட்கவா? இல்லை, படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டு, “புடவை ரொம்ப அழகுலா” என்று மட்டும் எழுதவா?