குழைஞ்ச சோத்துக்கு ஒரு டேபிள்

எங்க அண்ணனுக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை. நாள் பூரா கிரீஸும் கையுமா திரியிற மனுஷன், கல்யாண நாள் அன்னிக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமா அண்ணியக் கூட்டிக்கிட்டு ஒரு இத்தாலியன் ரெஸ்டாரண்டுக்குக் கிளம்பிடுவாரு. லேசுப்பட்ட இடமில்ல. அங்க மேஜை விரிப்பு எங்க வீட்டு பெட்ஷீட்ட விடச் சுத்தமா இருக்கும். ஒரு தடவ அங்க லிஃப்ட் பாதியில நின்னுபோய் இவரு சரி பண்ணிக் குடுத்தப்ப, சமையல்காரர் சந்தோஷத்துல காளான் ரிசோட்டோன்னு அவங்க ஊரு சோறு ஒரு தட்டு குடுத்திருக்காரு. ரெண்டு வாய் தின்னுட்டு மிச்சத்த டப்பாவுல வாங்கிட்டு வந்து அண்ணிக்குக் குடுத்தாரு. அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சுடுச்சு.

நான் தங்கச்சி, அவங்களோடதான் இருக்கேன். நானும் ஒரு தடவ போய்ப் பாத்தேன். "அட, குழைஞ்ச சோறு! இதத்தான் நான் வீட்ல தினமும் ஆக்குறேனே, அதுக்கு இவ்வளவு ஜோடனையா?"ன்னு கேட்டேன்.

"நீ குழைய விடுறது போன் பேசிக்கிட்டே. அவன் குழைய விடுறது கூடவே நின்னு"ன்னாரு அண்ணன். எனக்கு வாய் ஜாஸ்தி. அன்னிக்கு மட்டும் அந்த வாயில சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

அண்ணி கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறாங்க. அதிகம் பேச மாட்டாங்க. அந்தத் தட்டு வந்ததும் முதல் வாய்க்குக் கண்ண மூடிக்கிட்டு, "அதே ருசி"ம்பாங்க. அதக் கேக்கிற வரைக்கும் அண்ணன் ஸ்பூனத் தொடமாட்டாரு. அண்ணன் தனக்கு வேற ஏதாவது வாங்கிக்குவாரு, பாதி சாப்பிட்டதும் ரெண்டு பேரும் தட்ட மாத்திக்குவாங்க.

அப்புறம் அண்ணிக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. ஆஸ்பத்திரியில கரண்ட் வச்சாங்க, அதான் ரேடியேஷன். கட்டி போச்சு, கூடவே நாக்குல ருசியும் போச்சு. எத வாயில வச்சாலும் நனைஞ்ச பேப்பர் மாதிரி இருக்குன்னாங்க. ஒரு வருஷத்துக்குள்ள வரலைன்னா இனிமே வர்றது கஷ்டம்னு டாக்டர் பட்டுன்னு சொல்லிட்டாரு. அந்த வருஷமும் தாண்டிடுச்சு.

அண்ணன் ஒத்துக்கவே இல்ல. "நின்ன லிஃப்ட எங்க தட்டினா கிளம்பும்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு வாய் உள்ள போகட்டும், தன்னால வந்துடும்"னாரு.

"அவங்க நாக்கு என்ன உங்க மோட்டாரா? சும்மா ஆசை காட்டாதீங்கண்ணே!"ன்னு கத்தினேன். அண்ணி கல்யாண நாளுக்குப் புடவைய எடுத்து வச்சாங்க.

இந்தத் தடவ துணைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. தட்டு வந்துச்சு. அண்ணி ஒரு வாய் எடுத்துக் கண்ண மூடினாங்க. அண்ணன் மூச்சு விடாம அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அதே ருசி"ன்னாங்க அண்ணி.

எங்க அண்ணன் அழுது நான் பாத்ததில்ல. அன்னிக்கு நாப்கினால மூக்கத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. "சொன்னேன்ல? சொன்னேன்ல?"ன்னு என்னப் பாத்துக் கேட்டாரு. நான் கத்தினதெல்லாம் தப்புன்னு அவரு கையப் பிடிச்சுக்கிட்டேன்.

சந்தோஷத்துல அவருக்குப் பாதி வரைக்கும் பொறுமை இல்ல. அப்பவே தட்ட மாத்தி, ஒரு வாய் போட்டாரு. மென்னுக்கிட்டு இருந்த வாய் அப்படியே நின்னுபோச்சு. என்னடா இதுன்னு நானும் ஓரத்துல கொஞ்சம் எடுத்து வச்சேன். ஐயோ, ஒரே உப்பு! கை தவறிக் கொட்டிட்டாங்களோ, ரெண்டு தடவ போட்டாங்களோ, வாயில வைக்க முடியல.

நான் வாயத் திறக்கப் போனேன். அண்ணன் மேஜைக்கு அடியில என் கால மிதிச்சாரு. சர்வர் வந்து, "எல்லாம் நல்லா இருக்கா சார்?"னு கேட்டாரு.

"எப்பவும் போல"ன்னாரு அண்ணன். அப்புறம் அந்தத் தட்டத் திரும்பக் குடுக்கவே இல்ல. ஒரு பருக்கை விடாம அவரே தின்னு முடிச்சாரு. சாப்பிடும்போது தண்ணியே குடிக்காத மனுஷன், அண்ணிக்கு வச்சிருந்த பாட்டிலையும் சேத்துக் காலி பண்ணினாரு. அண்ணி அவரு தட்டுல இருந்தத மெதுவாத் தின்னுக்கிட்டே சிரிச்சாங்க.

திரும்பும்போது அண்ணன் முன்னால போய் லிஃப்ட் பட்டன அமுக்கிட்டு, வழக்கம் போலக் கதவுல காத வச்சு மோட்டார் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அண்ணி என் கையப் பிடிச்சு நிறுத்தி, காதோரமா, "உப்பா?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. தலைய ஆட்டினேன்.

"அவ்வளவு தண்ணி குடிச்சாரே, அப்பவே நினைச்சேன்"னாங்க. கொஞ்ச நேரம் அவரு முதுகையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருகிட்டச் சொல்லிடாதம்மா."

லிஃப்ட் வந்துச்சு. அண்ணன் கதவக் கையால பிடிச்சுக்கிட்டு, "அடுத்த வருஷத்துக்கும் இதே டேபிள்தான், சொல்லிட்டு வந்துட்டேன்"னாரு.

"பின்ன?"ன்னாங்க அண்ணி.

ரெண்டு பேரும் சிரிச்ச முகமா உள்ள போய் நின்னாங்க. நடுவுல எனக்கு இடம் விட்டாங்க.