சத்தம் கேட்காத தரை

எங்கள் முதலியார்பேட்டை வீட்டில் மாடி என்பது ஒரே ஓர் அறை. அதுவும் பலகைத் தளம். மரச் சட்டங்களின் மேல் பலகைகளை வரிசையாக வைத்து ஆணி அடித்து, அதற்கு மேல் ஒன்றும் போடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். வீட்டைக் கட்டிய தாத்தாவுக்கு மாடி கட்டும்போது பொறுமை தீர்ந்துவிட்டது என்பார் அப்பா.

அந்த அறையில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி. மில்லில் ஃபிட்டர் வேலை. அவர் மேலே என்ன செய்கிறார் என்பதைக் கீழே கூடத்தில் இருந்தபடியே நாங்கள் சொல்லிவிடுவோம். கட்டிலில் உட்கார்ந்தால் ஒரு சத்தம், புரண்டு படுத்தால் வேறொரு சத்தம், ஜன்னலுக்குப் போனால் நீளமாக ஒரு முனகல். "தொரை எழுந்துட்டாரு, காப்பிய சூடு பண்ணு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னால் அடுத்த நிமிடம் சித்தப்பா படியில் இறங்கிக்கொண்டிருப்பார். அவர் நடக்கும்போது பலகை இடுக்கு வழியாகத் தூசி வேறு கொட்டும். ஒருநாள் அப்பா கூடத்தின் நடுவில் உட்கார்ந்து குடையை விரித்துப் பிடித்தபடி சோறு சாப்பிட்டுக் காட்டினார். சித்தப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். தவளக்குப்பத்துக் குடும்பம், எங்களைப் போலவே வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பெண் பார்க்கப் போன அன்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அந்த அக்கா என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய் கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்து, "உங்க சித்தப்பா கோவக்காரரா?" என்று கேட்டார்.

"இல்ல. ஆனா நடந்தா தூசி விழும்" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பல்வரிசை கொஞ்சம் கோணல், அதுவே அழகாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் சித்தப்பா என்னைத் தனியாகப் பிடித்து, அவள் எதற்குச் சிரித்தாள் என்று துருவித் துருவிக் கேட்டார். நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த அக்காவுக்கும் ஏதோ ரகசியம் இருப்பதுபோல் பெருமையாக இருந்தது.

பிறகு அவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பலகாரத்தைத் தொட்டாரோ இல்லையோ, மேலே சித்தப்பா சட்டை மாற்ற ஆரம்பித்தார். கண்ணாடிக்குப் போனார். கட்டிலுக்கு வந்தார். மறுபடி கண்ணாடிக்குப் போனார். வந்திருந்த எல்லோருடைய தலையும் உத்தரத்துச் சத்தத்தோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. அவர் எத்தனை தடவை தலை வாரினார் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கிளம்பும்போது பெண்ணின் அம்மா, என் அம்மாவை ஓரமாக அழைத்தார்.

"அந்த மாடி ரூம்புதான் இவங்களுக்காக்கா?"

"ஆமா. வேற எது இருக்குது?"

"அப்ப அந்தத் தரைக்கு எதனா பண்ணச் சொல்லுங்கக்கா. கீழ நீங்கல்லாம் படுத்திருப்பீங்க. சின்னஞ்சிறுசுங்க, கூச்சப்படுவாங்க."

அம்மா முகம் சிவந்து தலையாட்டினாள். எதற்குக் கூச்சம் என்று நான் கேட்டேன். பதிலுக்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. தூசி விழுவதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள் போலும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆக, தரை நன்றாகிவிட்டால் கல்யாணம் என்று பேச்சாயிற்று. அப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். அவர் பலகையைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இதன் மேல் நேராக டைல்ஸ் ஒட்டினால் நிற்காது, பலகை ஆடும், டைல்ஸ் ஆடாது, எல்லாம் வெடித்துவிடும் என்றார். கனமாக ஜல்லி போட்டால் சட்டம் தாங்காது என்றும் சொன்னார். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு. "அவ்ளோதான்டா. பாய் விரிச்சிக்க வேண்டியதுதான்" என்றார்.

சித்தப்பா விடவில்லை. மில்லில் தடுப்பு கட்டுவதற்குத் தட்டையான சிமெண்ட் ஷீட் வாங்கிப் போடுவார்கள். கூரைக்குப் போடுகிற நெளிநெளியான சரக்கு இல்லை, மேஜை போலச் சமமாக இருக்கும். பலகைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் அதை வைத்துவிட்டால், பலகையின் ஆட்டம் மேலே போகாது, மேலே நடப்பது கீழே வராது என்பது அவர் கணக்கு. கொத்தனார் யோசித்துவிட்டு, "செஞ்சி பாரு, நானும் கத்துக்கறேன்" என்றார்.

மில் ஷிப்ட் முடிந்து வந்ததும் சித்தப்பா மாடிக்குப் போய்விடுவார். முதலில் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கினார். நான் மேலே நடப்பேன். அவர் கீழே கூடத்தில் அண்ணாந்து நின்று கேட்பார். முனகுகிற இடத்தில் "அங்கியே நில்லு" என்று கத்துவார், நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். பிறகு தார்க் காகிதம் விரித்து, மெல்லிசாகச் சிமெண்ட் கலவை பூசி, அதன்மேல் ஷீட்டைப் படிய வைத்துத் திருகினார். ஒரு ஷீட்டும் அடுத்த ஷீட்டும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் காசு நுழைகிற அளவுக்கு இடம் விட்டார். "ஒட்டி ஒட்டி வச்சா ஒண்ண ஒண்ணு நெருக்கித் தூக்கிடும். கொஞ்சம் எடம் குடுத்தாத்தான் எல்லாம் அதது எடத்துல இருக்கும்" என்றார். அந்த இடுக்கில் கம்பி வலைத் துண்டை வைத்துக் கலவையால் மெழுகினார். ஷீட்டை ரம்பத்தால் அறுக்கும்போது தூள் பறந்து தலையெல்லாம் வெள்ளையாகிவிடும். "கல்யாணத்துக்கு முன்னாடியே நரைச்சிப் போச்சே தம்பி" என்று அம்மா கேலி செய்வாள். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

சிவப்பு டைல்ஸ் ஒட்டி, காய விட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதனை நடந்தது. நான் மேலே குதித்தேன். ஓடினேன். கட்டிலில் ஏறித் தொப்பென்று விழுந்தேன். இறங்கி வந்து பார்த்தால் சித்தப்பா அண்ணாந்தபடியே நின்றிருந்தார்.

"குதிச்சியா?"

"எவ்ளோ தடவ குதிச்சேன்!"

அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். தூசி விழாததற்கு ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சாமியார் அறிவிக்க வேண்டும், பிறகுதான் கல்யாணம். முதல் ஓலையின்போது சித்தப்பா தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஓலையும் ஆயிற்று. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால், அதற்குள் முடித்துவிட நாள் குறித்திருந்தார்கள்.

அந்த வாரம்தான் பெரியப்பாவும் பெரியம்மாவும் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார்கள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் வீட்டின் மூத்தவர். அவருக்கு முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். பெரியப்பாவோ இனி ஊரிலேயேதான் என்றார். டவுனில் அவர் வாங்கிப் போட்டிருந்த வீட்டில் குடியிருந்தவர் காலி செய்ய மாட்டேன் என்கிறாராம். அது தீரும்வரை தம்பி வீடு.

பெரியம்மா மாடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைச் சிவப்புத் தரையில் வைத்து, "திரே பியேன்" என்றார். ரொம்ப நன்றாயிருக்கிறது என்று அர்த்தமாம். சித்தப்பாவின் கட்டிலில் அவர்களுடைய பெட்டிகள் ஏறின.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அப்பா சித்தப்பாவிடம் பேசினார். நான் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணன் எவ்ளோ வருஷம் கழிச்சி வந்திருக்காரு. கூடத்துல படுங்கன்னு சொல்ல முடியுமாடா? கல்யாணத்த ஈஸ்டர் கழிச்சி வச்சிக்கலாம்."

"ரெண்டு ஓலை படிச்சாச்சேண்ணா."

"படிச்சா இன்னா? பொண்ணு எங்க ஓடிடப் போவுது?"

சித்தப்பா, "அப்ப வாடகைக்கு ஒரு ரூம்பு பாக்கறேன்" என்றார்.

"சொந்த வூடு இருக்கசொல்ல வாடகை வூட்டுக்குப் பொண்ணக் கூட்டிக்கினு போவியா? நான் தொரத்திட்டன்னு ஊரே பேசும். அதெல்லாம் வேணாம்."

சித்தப்பா சரி என்றார். அம்மா பிழிந்துகொண்டிருந்த துணியை மறுபடியும் தண்ணீரில் போட்டுப் பிழிந்தாள். மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று அப்பாவே போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஈஸ்டர் போயிற்று. டவுன் வீட்டுக்காரர் காலி செய்யவில்லை. பெண்ணின் அம்மா நேரில் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து உத்தரத்தைப் பார்த்தார், காது கொடுத்தார். முகம் மலர்ந்தது.

"தரைய நல்லா பண்ணிட்டாங்களே. மேல யாரு இருக்காங்க?"

அம்மா பதில் சொல்வதற்குள் பெரியப்பா பனியனோடு படியில் இறங்கி வந்தார். அவர் மேலே நடந்ததோ நாற்காலியை இழுத்ததோ எதுவுமே கேட்டிருக்கவில்லை. பின்னாலேயே பெரியம்மாவும் வந்தார். பெண்ணின் அம்மாவுக்கு முகம் மாறியது.

"அப்ப எம் பொண்ணு?"

அப்பா அவசரமாக, "கூடத்துல ஒரு ஓரமா தட்டி கட்டிடலாம். கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. எழுந்தார், எல்லோருக்கும் கும்பிடு போட்டார், என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அந்த வருஷ முடிவுக்குள் அந்த அக்காவைக் கடலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பா அவர்களைத்தான் குறை சொன்னார், ரூம்பு கேட்கிற குடும்பம் என்று.

சித்தப்பா லாஸ்பேட்டையில் ஒரு நண்பரோடு போய்த் தங்கிக்கொண்டார். வாடகை அறைதான். தனி ஆளாகப் போனால் ஊர் பேசாது போலிருக்கிறது. பெரியப்பாவைப் பார்க்க யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டுவார். சித்தப்பா அந்த நேரம் வீட்டுக்கு வந்திருந்தால் கூப்பிட்டு விளக்கச் சொல்வார். சித்தப்பாவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஷீட் எப்படி, இடுக்கு எப்படி என்று விரலால் தொட்டுச் சொல்வார். எனக்கோ பெருமை தாங்காது.

சில வருஷம் கழித்து டவுன் வீடு காலியாகி, பெரியப்பா போனார். அப்பா சித்தப்பாவைத் திரும்பி வரச் சொன்னார். வேறு பெண் பார்க்கலாம் என்றார். "பாப்பா பெரிசாயிடுச்சி, அது படிக்கட்டும் அங்க" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அந்த அறை எனக்கு வந்தது. நானும் அதை என் உரிமைபோல எடுத்துக்கொண்டேன். சித்தப்பாவுக்குக் கல்யாணத்தில் ஆசையில்லை என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

என் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது எங்களுக்கு அந்த மாடியைத்தான் ஒழித்துக் கொடுத்தார்கள். நான் இருந்த இருப்பில், கீழே கூடம் நிறைய உறவுக்காரர்கள் படுத்திருக்கிறார்களே என்று உள்ளுக்குள் ஒரே வெட்கம். அப்புறம்தான், இங்கிருந்து ஒரு சத்தமும் கீழே போகாது என்பது நினைவுக்கு வந்தது. அவர் அந்தத் தரையை எதற்காக, யாருக்காகப் போட்டார் என்பது அந்த வினாடியில் எனக்கு விளங்கியது. அதற்குள் அவருக்கு உண்மையாகவே தலை நரைத்திருந்தது.

காலையில் இறங்கி வந்தேன். சித்தப்பா கூடத்து ஓரத்தில் தன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை என்னால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை, கண்ணில் நீர் முட்டியது. புதுப்பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. "போம்மா, காப்பி ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.