ஒருதரம் மட்டும் ஓடிய டேப்

எனக்கு எண்பத்தாறு வயது. நாலு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தேன், யாரிடமும் கை நீட்டியதில்லை. தாராவியில் யாராவது பேய், ஆவி என்றால் போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் பொய் எழுத மாட்டேன்.

அறுபதுகளில் எங்கள் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனார். வெளிநாட்டிலிருந்து ஒரு டேப் பெட்டி கொண்டுவந்திருந்தார், மேலே இரண்டு சக்கரம் சுற்றுமே, அது. கடைசியாகப் புறப்பட்ட காலையில், நான் குழாயடியில் தண்ணீருக்கு நின்றபோது, பிள்ளைகளுக்கென்று அதில் பேசி வைத்தார். போனவர் திரும்பவில்லை. கடலில் விழுந்துவிட்டார் என்று தகவல்தான் வந்தது. நாலாவது மகள் அப்போது வயிற்றில். அவள் அப்பா குரலைக் கேட்க அந்த டேப்பை விட்டால் வேறு வழியில்லை. பெட்டியை ஓட்டத் தெரியாமல் அதுவரை நாங்கள் யாரும் அதைப் போட்டுக் கேட்டதில்லை.

அவளுக்கு நாலு வயதான மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, டேப் ஊறிப் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டது. மாட்டுங்காவில் ஒரு ரேடியோ ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பல்பு சூட்டில் காயவைத்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்து, அறுந்த இடங்களை ஒட்டினார்.

“கொரல் இந்தப் பழுப்புப் பூச்சுலதான் இருக்கும்மா. உதிர்ந்துண்டே இருக்கு. ஒருதரம் ஓடும், அவ்ளோதான்.”

“ஒருதரம் போதும், போடுங்க,” என்றேன்.

“எப்பம்மா அப்பா பேசுவாவ?” என்று மடியிலிருந்த மகள் நச்சரித்தாள்.

பட்டப்பகல். முதலில் இரைச்சல், பிறகு அவர். “பிள்ளையளா, அம்மையைப் படுத்தாதீங்க, கேட்டியளா...” மகள் வாயைத் திறந்தபடி கேட்டாள். நடுவில் ஒரு கிழவியின் குரல், பல்லிடுக்கில் காற்றுச் சீற, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “கப்பல்ல ஏறாதீங்க” என்றது. அவர் பேச்சு நின்றது. “எவட்டி அவ, எம் பேரச் சொல்லிக் கூப்புடுதது?” என்றார். பிறகு சிரித்து, “சரி, நேரமாச்சு” என்றார். அவ்வளவுதான். பூச்சு முழுவதும் மேசையில் பொடியாகக் கிடந்தது.

“யாரும்மா, உங்க மாமியாரா?” என்றார் ரிப்பேர்காரர். மாமியார் நான் கல்யாணமாகி வருமுன்பே போய்விட்டாள்.

நம்பினால் நம்புங்கள், போன வருஷம் என் முன்பற்கள் விழுந்தன. இப்போது நான் பேசினால் அதே சீறல், அதே குரல். புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களில் இல்லை. இன்றுவரை ஒருதரம்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் அவருக்குக் கேட்கும் என்று தெரியும். கேட்டும், சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்பதும் தெரியும்.

ஏட்டி பேத்தி, இங்க வா. இத நீ படி, நான் கேக்கேன். என் வாயால படிக்க மாட்டேன்.