இடது கண் மட்டும் பழுப்பானது

செஞ்சியில் ஒரு கண் மருத்துவமனையில் கண் பிரஷர் பார்ப்பது என் வேலை. ஒரு காலை, முதல் டோக்கனைக் கூப்பிடும் முன்பே ஒருவர் உள்ளே வந்து, சொட்டு மருந்து பாட்டிலை என் மேசையில் ஓங்கி வைத்தார்.

"இன்னா சார் மருந்து இது? ஒரு கண்ணு பூனக்கண்ணா இருக்குது, இன்னொண்ணு கறுத்துப்போச்சு. நிறுத்தச் சொல்லுங்க."

அவர் ஏழுமலை. பின்னால் நின்றவர் மனைவி செல்வி. அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்பவர். செல்விக்குப் பிறவியிலேயே பச்சை கலந்த வெளிர் கண்கள். கண் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா, இடது கண்ணில் மட்டும். பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்டில் மூக்குப் பக்கப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. தினமும் இரவு ஒரு சொட்டு விட்டு வந்ததில் அந்தக் கண் அடர் பழுப்பாகிவிட்டது. இமைமுடியும் நீண்டிருந்தது.

நிறம் மாறலாம், பார்வைக்குக் கெடுதல் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். மாற்று மருந்து தரலாமா என்றும் யோசித்தார். செல்விக்கு மூச்சிழுப்பு இருப்பதால் அது ஆகாது.

பிரஷர் பார்த்தேன். கட்டுக்குள் இருந்தது.

"இவளுக்குக் காத்து கருப்பு பட்டிருக்குதுன்றாங்க சார். யாவாரம் படுத்துப்போச்சு" என்றார் ஏழுமலை.

செல்வி என்னைக் கேட்டார்: "நிறுத்துனா பழைய கலர் வருமா?"

"வராதும்மா."

"போன பார்வை?"

"அதுவும் வராது. நிறுத்தினா இருக்கிறதும் போகும்."

செல்வி கணவர் பக்கம் திரும்பினார். "காத்து ஓட்டத்தான் ஜனங்க என்கிட்ட பழம் வாங்குது. கூடை பழத்த மடியில வெச்சினு ஒக்காந்திருக்கறவள எந்தக் காத்துய்யா வந்து புடிக்கும்?"

டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"யாவாரம் போனா வேற யாவாரம். கண்ணு போனா நீயா கைய புடிச்சி இட்டுனு போவ?" பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "பயந்துனு மருந்த நிறுத்தறவங்க இருந்தா என்கிட்ட அனுப்பு சார்."

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போனேன். செல்வி அதே இடத்தில், தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் குனிந்த ஒரு பெண், "இன்னாக்கா, கண்ணு ரெண்டும் ரெண்டு தினுசா இருக்குது?" என்று பின்வாங்கினார்.

"கண்ணுல பிரஷர். மருந்து உடறேன். ரெண்டு கண்ணாலயும் உன்னப் பாக்கறேன். எத்தினி பழம் வேணும்?"

அந்தப் பெண் வாங்கினார்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: நிறம் மாறும் என்று சொன்னால் மட்டும் போதாது, மாறிய பிறகும் மருந்தை நிறுத்தாத ஒருவரைக் காட்ட வேண்டும். மருந்தை நிறுத்தட்டுமா என்று யார் கேட்டாலும், அமாவாசையன்று செல்வியிடம் எலுமிச்சம்பழம் வாங்க அனுப்புகிறேன்.